ஹேட்ரியன் மதிலோரம் ஒரு நாள் நடை: பேருந்தில் செல்லும் புதியவர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடகோடியில், டைன் ஆற்றங்கரையிலுள்ள வால்செண்டில் தொடங்கி மேற்கே சால்வே கழிமுகத்தை ஒட்டிய போனெஸ் வரை, 117 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோமானியர் எழுப்பிய எல்லை மதில் ஒன்று இருந்தது. கி.பி. 122இல் பிரிட்டனுக்கு வந்த பேரரசர் ஹேட்ரியனின் ஆணைப்படி லீஜியன் எனப்படும் ரோமானியப் படைப்பிரிவுகள் மூன்றைச் சேர்ந்த வீரர்கள் அதைக் கட்டினார்கள். கிழக்குப் பகுதி கல்லாலும், மேற்குப் பகுதி முதலில் புல்மண் கட்டிகளாலும் பின்னர் கல்லாலும் எழுந்தது. இருபுறத்து நகரங்களிலும் சமவெளிகளிலும் பெரும்பாலும் அழிந்துபோன அந்த மதில், நடுப்பகுதியில், நார்த்தம்பர்லாந்தின் மலைமுகடுகளின் மேல், இன்றும் தொட்டுப் பார்க்கக்கூடிய நிலையில் நிற்கிறது. 1987ஆம் ஆண்டிலிருந்து இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இந்த நடுப்பகுதியில் பேருந்தை மட்டும் நம்பி எப்படி ஒரு நாள் நடந்து வருவது என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

பேருந்தை மட்டும் நம்பி என்று சொல்வதைக் கார் இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மதில் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு கோடு. காரில் வருபவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும் என்பதால், பார்த்த இடத்தையே மறுபடி பார்த்துக்கொண்டு, கடக்க விரும்பிய தூரத்தில் பாதியையே கடக்கிறார். பேருந்தில் வருபவரோ ஓரிடத்தில் இறங்கி, மதிலின் போக்கிலேயே முன்னோக்கி நடந்து, வேறோரிடத்தில் பேருந்து ஏறிவிடலாம். ஒரு கோட்டையிலிருந்து அடுத்த கோட்டைக்குக் காவல் மாறிச் சென்ற வீரன் நிலத்தை எந்த வரிசையில் பார்த்தானோ அந்த வரிசையில் நாமும் பார்க்கிறோம். நான் பரிந்துரைப்பது இந்த முறையையே.

முதற்படி: எந்தப் பேருந்து, எந்தப் பருவம்

மதிலின் நடுப்பகுதியை ஒட்டிச் செல்லும் பேருந்தின் எண் ஏடி122. மதில் தொடங்கப்பட்ட ஆண்டையே அதற்கு எண்ணாக இட்டிருக்கிறார்கள். கிழக்கே ஹெக்சம், மேற்கே ஹால்ட்விசில் ஆகிய இரண்டு சிற்றூர்களுக்கு இடையே அது ஓடுகிறது. வழியில் செஸ்டர்ஸ் கோட்டை, ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, ‘தி சில்’ என்ற இயற்கை நிலப்பரப்பு மையம், விண்டோலாண்டா, வால்டவுன் ஆகிய இடங்களில் நிற்கிறது. இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையங்கள் உண்டு. நியூகாசிலுக்கும் கார்லைலுக்கும் இடையே ஓடும் ரயில்கள் இரண்டிலும் நிற்பதால், லண்டனிலிருந்தோ எடின்பரோவிலிருந்தோ வருபவர்கள் நியூகாசிலில் இறங்கி ரயில் மாறினால் போதும். ஒரே நாளில் வந்து திரும்புவதென்றால் நியூகாசிலிலேயே தங்கலாம்; இரண்டு மூன்று நாள் நடக்க எண்ணினால் ஹெக்சமிலோ ஹால்ட்விசிலிலோ தங்குவது, காலை முதல் பேருந்தைப் பிடிக்க வசதியாக இருக்கும்.

ஏடி122 அடிப்படையில் ஒரு பருவகாலப் பேருந்து. ஈஸ்டரை ஒட்டிய நாள்கள் முதல் இலையுதிர்காலம் வரை முழுமையாக ஓடும். குளிர்காலத்தில் சேவை மிகவும் சுருங்கிவிடும். கால அட்டவணை ஆண்டுதோறும் மாறுகிறது என்பதால், பழைய பயணக் குறிப்புகளில் காணும் நேரங்களை நம்பிக் கிளம்புவது ஆபத்து. பேருந்து நிறுவனத்தின் நடப்பு அட்டவணையைப் பயணத்துக்கு முந்தைய நாள் பார்த்து, அதைக் கைபேசியில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மலைமுகட்டில் பல இடங்களில் இணையத் தொடர்பு கிடைக்காது. நியூகாசிலுக்கும் கார்லைலுக்கும் இடையே ஓடும் 685 என்ற பேருந்து ஆண்டு முழுவதும் உண்டு என்றாலும், அது பள்ளத்தாக்கிலுள்ள நெடுஞ்சாலை வழியாகச் செல்வது. மதிலுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே நின்றுவிடும்.

புதியவர்களுக்கு ஏற்ற மாதங்கள் மே முதல் செப்டம்பர் வரை. பகற்பொழுது நீளமாக இருக்கும் என்பது ஒரு காரணம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரிலோ பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மற்றொரு காரணம் மதிலின் நலன் சார்ந்தது. மழைக்காலத்தில் ஊறிக் கிடக்கும் புல்தரையில் ஆயிரக்கணக்கான காலடிகள் படும்போது மண் அரித்து, அடியில் இன்னும் தோண்டப்படாமல் கிடக்கும் ரோமானியக் கட்டுமானங்கள் வெளிப்பட்டுச் சிதைகின்றன. ஆகவேதான் மதிலோரத் தேசிய நடைபாதையைப் பராமரிப்பவர்கள் குளிர்காலத்தின் ஈர மாதங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.

இரண்டாம் படி: அட்டவணையைப் பின்னாலிருந்து படிப்பது

நம் ஊரில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது வரும் என்ற நம்பிக்கையில் நிற்கலாம். இங்கே அடுத்த பேருந்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் வரும். கடைசிப் பேருந்து, கோடையில்கூட, வெளிச்சம் நிறைய இருக்கும்போதே போய்விடும். எனவே, எந்தப் பேருந்தில் போவது என்று முதலில் பார்க்காமல், எந்தப் பேருந்தில் திரும்புவது என்று முதலில் தீர்மானியுங்கள். கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தையே உங்கள் திரும்பும் பேருந்தாகக் கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து கைவசம் இருக்கும் காப்பாக இருக்கட்டும்.

அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கீழே விவரிக்கும் முக்கிய நடையை எடுத்துக்கொண்டால், ஹவுஸ்டெட்ஸ் கோட்டையிலிருந்து சாலையோரப் பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கிவரக் கால் மணி நேரம், கோட்டையைப் பார்க்க ஒன்றரை மணி நேரம், மதிலோரம் நடக்க மூன்று மணி நேரம், இடையில் அமர்ந்து உண்ண அரை மணி நேரம் என மொத்தம் ஐந்தேகால் மணி நேரம் தேவை. திரும்பும் பேருந்து மாலை நாலரைக்கு என்றால், காலை பதினொன்றேகாலுக்குள் நடையைத் தொடங்கியிருக்க வேண்டும். சமவெளியில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் இந்த முகடுகளில் இரண்டரை கிலோமீட்டர்தான் நடப்பார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த மூன்று மணி நேரக் கணக்கைத் தருகிறேன்.

அட்டவணையைப் பார்க்கும்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். கிழக்கு நோக்கிச் செல்லும் பேருந்துக்கும் மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்துக்கும் தனித்தனி அட்டவணைகள் உண்டு; ஒன்றைப் பார்த்துக்கொண்டு மற்றொன்றுக்குக் காத்திருப்பது புதியவர்களுக்கு நேர்வது. மேலும், வார நாள்களுக்கும் ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களுக்கும் நேரங்கள் வேறுபடலாம். பேருந்தில் ஏறும்போது, அன்று முழுவதும் ஏறி இறங்கும் வகையிலான ஒருநாள் சீட்டு இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். இரண்டு முறைக்கு மேல் ஏறி இறங்குவதாக இருந்தால் அதுவே சிக்கனம். நடத்துநர் கிடையாது, ஓட்டுநரே சீட்டுத் தருவார், வங்கி அட்டையிலும் கட்டணம் செலுத்தலாம். நாட்டுப்புற நிறுத்தங்களில் பேருந்து தானாக நிற்கும் என்று எண்ணாமல், தூரத்தில் வரும்போதே கையை நீட்டிக் காட்டுங்கள்.

மூன்றாம் படி: உடையும் சுமையும்

இங்கே காற்றுதான் பெரிய எதிரி. ஹால்ட்விசில் ரயில் நிலையத்தில் இதமாக இருக்கும் வெயில், முகட்டின் மேல் ஏறியதும் காது மடலை உறைய வைக்கும் காற்றாக மாறிவிடும். கால் மணி நேரத்தில் மழையும் வந்து போகும். ஒரே கனத்த கம்பளிச் சட்டையைவிட, மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது, ஏனெனில் ஏறும்போது வியர்க்கும், நின்றதும் குளிரும். மேலே அணிய மழைநீர் புகாத, தலைமூடியுள்ள மேலங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். இந்தத் தேவை புதியதன்று: ஹவுஸ்டெட்ஸில் கண்டெடுக்கப்பட்ட சிற்பம் ஒன்றில், மூன்று தெய்வ உருவங்கள் கால்வரை நீண்ட, தலைமூடியுள்ள அங்கிகளைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.

குடை இங்கே பயன்படாது, காற்று அதை மடக்கிவிடும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் வழுக்காத நடைக்காலணி வேண்டும். சேலையோ தரையைத் தொடும் ஆடையோ வேலியைத் தாண்டும் ஏணிப்படிகளில் தடுக்கும். மதிலோரம் குடிநீர்க் குழாயோ கடையோ இல்லாததால், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்லுங்கள். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் நிலப்படங்களில் இப்பகுதிக்கானதன் எண் ஓஎல்43. மதிலே வழிகாட்டி என்பதால் வழி தவறுவது அரிது என்றாலும், பனிமூட்டம் இறங்கிவிட்டால் சாலைக்கு இறங்கும் பாதை எது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

நான்காம் படி: முதல் நாளுக்கான நடை

தி சில் மையத்திலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரை, ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் தூரம் நடப்பதையே முதல் நாளுக்குச் சொல்வேன். எதிர்த்திசையிலும் நடக்கலாம், ஆனால் இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவருக்கு அது முதுகில் படும், முகத்தில் அறையாது. நடையின் முடிவில் கோட்டையும், கழிப்பறையும், தேநீரும், பேருந்து நிறுத்தமும் ஒன்றாகக் கிடைப்பது மற்றொரு நன்மை.

ஏடி122இல் ‘ஒன்ஸ் ப்ரூட்’ நிறுத்தத்தில் இறங்கினால் தி சில் மையம் எதிரிலேயே இருக்கும். கூரையின் மேல் புல்வெளி வளர்த்திருக்கும் கட்டடம் அது. 2017இல் திறக்கப்பட்டது, நுழைவுக் கட்டணம் கிடையாது. அன்றைய வானிலை, பாதை நிலவரம் ஆகியவற்றை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கிருந்து பெருஞ்சாலையைக் கவனமாகக் கடந்து, வடக்கே ஏறும் சிறு சாலையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம் சென்றால் ஸ்டீல் ரிக் வரும். நீங்கள் கடக்கும் அந்தப் பெருஞ்சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு: பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குலத்தை மீண்டும் அரியணை ஏற்ற 1745இல் நிகழ்ந்த யாக்கோபைட் கிளர்ச்சியின்போது படைகளை விரைந்து நகர்த்த வழியில்லாமல் போனதால், அடுத்த பத்தாண்டில் அமைக்கப்பட்ட இராணுவச் சாலை அது. அதன் கிழக்குப் பகுதியில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு மதிலை இடித்து, அதன் கல்லையே சாலைக்கு அடித்தளமாக இட்டுவிட்டார்கள்.

ஸ்டீல் ரிக்கிலிருந்து கிழக்கே பார்த்தால், நீங்கள் நடக்கப்போகும் முழு வழியும் அலை அலையாகத் தெரியும். வடபுறம் செங்குத்தாக அறுபட்டு நிற்கும் இந்தக் கரும்பாறைத் தொடருக்கு வின் சில் என்று பெயர். ஏறக்குறைய 29 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உருகிய குழம்பு, படிவுப் பாறைகளுக்கு இடையே புகுந்து இறுகியதால் உண்டான டோலரைட் பாறை இது. இயற்கையே கட்டிக்கொடுத்த இந்த அரணின் விளிம்பில் ரோமானியர் மதிலை வைத்தார்கள். பள்ளமான இடங்களில் மதிலுக்கு வடக்கே தோண்டிய அகழியைக் குன்றின் விளிம்புகளில் தோண்டாமல் விட்டார்கள், ஏனெனில் அங்கே தேவையில்லை.

முதலில் பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். அந்தப் பள்ளத்தில், மதிலின் பின்புறம், ஒரு காவற்கோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. ரோமானிய மைல் ஒன்றுக்கு மைல்கோட்டை எனப்படும் ஒரு சிறுகோட்டை, இரண்டு சிறுகோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவற்கோபுரங்கள் என்பதே மதிலின் பொதுத் திட்டம். இந்தக் கோபுரமோ அந்தக் கணக்கில் சேராதது, 1980களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு கோபுரங்களின் பார்வைக்கும் எட்டாத பள்ளமாக இருந்ததால் இங்கே கூடுதலாக ஒன்றைக் கட்டியிருக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்டியதும் பீல் முகட்டின் மேல் ஏறும் கற்படிகள் வரும். இந்த நடையிலேயே மூச்சு வாங்கும் இடம் இதுதான். நடை தொடங்கிய சிறிது நேரத்திலேயே இது வந்து முடிந்துவிடுவது நல்லதே. ஈரமான நாளில் இப்படிகள் வழுக்கும் என்பதால், கைகளையும் ஊன்றி ஏறத் தயங்க வேண்டாம்.

அடுத்து வருவது 39ஆம் எண் மைல்கோட்டை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே சதுரமாகக் கிடக்கும் அதன் சுவர்களை மேலிருந்து பார்க்கும்போதுதான் அமைப்பு நன்கு விளங்கும், எனவே இறங்கும் முன்பே நின்று பாருங்கள். வடக்குச் சுவரில் ஒரு வாயில், தெற்குச் சுவரில் ஒரு வாயில், உள்ளே சில வீரர்களுக்கான அறைகள். மதில் என்பது ஆளை முற்றிலும் தடுப்பதற்காக மட்டும் கட்டப்பட்டிருந்தால் மைலுக்கு ஒரு வாயில் வைத்திருக்க மாட்டார்கள். யார் போகிறார், என்ன கொண்டு போகிறார் என்று கண்காணிப்பதும் அதன் வேலையாக இருந்தது என்று இந்த வாயில்களைக் கொண்டே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதற்கு அடுத்த பள்ளம்தான் சிக்கமோர் கேப். இரண்டு சரிவுகளுக்கு நடுவே தனித்து நின்ற சிக்கமோர் மரம், 2023 செப்டம்பர் 28ஆம் நாள் விடியும் முன் இரவில் சட்டவிரோதமாக வெட்டிச் சாய்க்கப்பட்டது. அந்தக் குற்றத்துக்காக இருவர் 2025இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். இன்று அங்கே வேலியிட்ட அடிமரம் மட்டும் இருக்கிறது. 2024இல் அதிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பின. வேலிக்கு உள்ளே கையை நீட்டவோ தளிரைத் தொடவோ கூடாது.

அப்பால் ஹைஷீல்ட் முகட்டின் மேல் நடக்கும்போது, இடப்புறம் நேர்கீழே கிராக் லஃப் ஏரி விரிந்து கிடக்கும். இந்த இடத்தில் பாதை விளிம்பை ஒட்டிச் செல்கிறது. தடுப்பு எதுவும் இல்லை. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நகராதீர்கள். ஏரியைத் தாண்டிப் பாதை ஹாட்பேங்க் பண்ணையருகே இறங்கும். அங்குள்ள 38ஆம் மைல்கோட்டை இன்று புல்மூடிய மேடு மட்டுமே என்றாலும், மதிலைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைத்த இடங்களுள் அது ஒன்று. ஹேட்ரியனின் பெயரையும், ஆளுநர் பிளட்டோரியஸ் நெப்போஸின் பெயரையும், இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவின் பெயரையும் தாங்கிய கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது.

வழியெங்கும் சில இடங்களில் மதிலின் உச்சியில் புல் வளர்ந்திருப்பதைக் காண்பீர்கள். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கிளேட்டன் என்பவரின் ஆட்கள் சரிந்து கிடந்த கற்களை எடுத்துச் சாந்தின்றி அடுக்கி, மேலே புல் பரப்பிய பகுதிகள். நியூகாசில் நகராட்சியின் செயலராக இருந்த கிளேட்டன், உழவர்களும் கல் எடுப்போரும் மதிலைக் கலைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1830கள் தொடங்கி அது ஓடும் நிலங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிக் காத்தார். நாம் இன்று நடக்கும் இந்தப் பகுதி எஞ்சியிருப்பதற்கு அவருக்குப் பெரிதும் நன்றி சொல்ல வேண்டும்.

ஹவுஸ்டெட்ஸை நெருங்கும்போது வரும் 37ஆம் மைல்கோட்டையைத் தவற விடாதீர்கள். அதன் வடக்கு வாயிலின் வளைவுக் கற்கள் இன்னும் ஓரளவு நிற்கின்றன. அந்த வாயிலில் நின்று வெளியே பாருங்கள்: கால் வைக்க இடமில்லாத சரிவு. யாரும் போக முடியாத திசைக்கு எதற்கு வாயில்? மைலுக்கு ஒன்று என்று திட்டம் இருந்ததால், நிலம் எப்படி இருந்தாலும் கட்டிவிட்டார்கள். பிறகு அதைக் குறுக்கிவிட்டார்கள். ஒரு பேரரசு திட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்தியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டுமானம் இவ்வழியில் வேறில்லை.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குள் செல்ல நுழைவுச்சீட்டு வேண்டும். பாரம்பரியச் சின்னங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் ஆகிய இரண்டு அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் கட்டணம் இல்லை. ஏறத்தாழ 800 வீரர்கள் தங்கிய இக்கோட்டையில் தளபதியின் மாளிகை, மருத்துவமனை, ஈரம் ஏறாதபடி தூண்களின் மேல் தளம் உயர்த்திய தானியக் கிடங்கு ஆகியவற்றின் அடிச்சுவர்களைக் காணலாம். நேரம் குறைவாக இருந்தால் நேராகத் தென்கிழக்கு மூலைக்குச் சென்று, அங்குள்ள பொதுக் கழிப்பறையைப் பாருங்கள். குன்றின் மேல் ஆறோ ஊற்றோ இல்லாததால், மழைநீரைக் கல்தொட்டிகளில் தேக்கி, அந்த நீரை வாய்க்கால்களில் ஓடவிட்டுக் கழிவை வெளியேற்றினார்கள். தொட்டியின் கற்பலகைகளும் வாய்க்காலும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. பிறகு புல்வெளி வழியாகத் தெற்கே இறங்கினால் பார்வையாளர் மையமும் பேருந்து நிறுத்தமும் வரும். பத்து நிமிடம் முன்னதாகவே நிறுத்தத்தில் நில்லுங்கள்.

ஐந்தாம் படி: விண்டோலாண்டாவுக்கு ஒரு தனி நாள்

முதல் நாள் நடையோடு விண்டோலாண்டாவையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று பலரும் திட்டமிடுகிறார்கள். நேரக் கணக்கில் அது முடியும் என்றாலும் நான் அதை விரும்புவதில்லை. விண்டோலாண்டாவுக்கு மூன்று மணி நேரமாவது தர வேண்டும். பேருந்து அங்கே நிற்கும் என்றாலும், தி சில் மையத்திலிருந்து கிராமத்துச் சிறுசாலைகள் வழியே இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு நடந்து செல்வதே சிறந்தது. அந்த வழியின் ஒரு பகுதி ஸ்டேன்கேட் எனும் பழைய ரோமானியச் சாலை, மதிலுக்கும் முந்தையது. கோட்டைக்கு அருகே, ரோமானியர் நட்ட மைல்கல் தூண் ஒன்று நட்ட இடத்திலேயே முழு உயரத்தில் நிற்கிறது.

மதில் கட்டப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, கி.பி. 85ஐ ஒட்டி, இங்கே மரத்தாலான கோட்டை ஒன்று எழுந்துவிட்டது. பழையதை இடித்து, களிமண்ணும் புல்கட்டியும் பரப்பி, அதன்மேல் புதியதைக் கட்டி என ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கோட்டைகள் எழுந்தன. காற்றுப் புகாத அந்த ஈர அடுக்குகளில் மரம், தோல், துணி எல்லாம் மக்காமல் தங்கின. 1973இல் ராபின் பர்லி என்ற தொல்லியலாளர் அங்கே மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். அவற்றின் மேல் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் இருந்தன. இதுவரை 1,700க்கும் மேற்பட்ட ஏடுகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. சில விண்டோலாண்டா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவி சுல்பிசியா லெப்பிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய கடிதம் அவற்றுள் புகழ்பெற்றது. கடைசி வரிகளை அவரே தம் கையால் எழுதியிருக்கிறார்; ஒரு பெண் கைப்பட எழுதிய லத்தீன் எழுத்துகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. வீரர்களுக்கு மது தீர்ந்துவிட்டது, அனுப்பி வையுங்கள் என்று கேட்கும் கடிதம் ஒன்று; காலுறைகளும் உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாகச் சொல்லும் கடிதம் இன்னொன்று. தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியது மற்றோர் ஏடு. படைவீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கான அதில், டாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் இரண்டு தினாரிக்கு (தினாரி என்பது ரோமானிய வெள்ளி நாணயம்) மிளகு வாங்கியதாக எழுதியிருக்கிறது. அந்நாளில் ரோமானியருக்கு மிளகு சென்றது இந்தியாவின் மேற்குக் கடற்கரையிலிருந்து. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சங்கப் பாடல் சொல்லும் முசிறித் துறை அந்த வணிகத்தின் பெரிய வாயில். சேர நாட்டுக் கொடியில் காய்த்தது, செங்கடலையும் எகிப்தையும் நடுநிலக்கடலையும் தாண்டி, பேரரசின் வடகோடியில் ஒரு சிப்பாயின் உணவுக்கு வந்திருக்கிறது.

கோடை மாதங்களில் சென்றால் அகழ்வாய்வு நடந்துகொண்டிருப்பதையே நேரில் பார்க்கலாம். வேலிக்கு வெளியே நின்றபடி கேட்கலாம். தோண்டுபவர்கள் பொறுமையாக விளக்குவார்கள். வால்டவுன் அருகேயுள்ள ரோமானியப் படை அருங்காட்சியகத்தையும் விண்டோலாண்டாவை நடத்தும் அறக்கட்டளைதான் நடத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம் என்பதால், அடுத்த நடையையும் மேற்கொள்ள எண்ணுபவர்கள் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கால்கள் பழகிய பின்

இரண்டாவது நீண்ட நடைக்குக் காஃபீல்ட்ஸிலிருந்து வால்டவுன் வரையிலான ஆறு ஏழு கிலோமீட்டர் ஏற்றது. கூட்டம் குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம். ‘மைல்காசில் இன்’ நிறுத்தத்தில் இறங்கி, வடக்கே சிறிது நடந்தால், ஒரு பழைய கல்குவாரியின் குளத்தருகே சாய்ந்த நிலத்தில் 42ஆம் மைல்கோட்டை நிற்கிறது. மேற்கே ஒரு பண்ணை முற்றத்தோடு கலந்து கிடக்கும் கிரேட் செஸ்டர்ஸ் கோட்டையில், தெற்கு வாயிலருகே, குவளை செதுக்கிய பலிபீடம் ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்பின் வால்டவுன் முகடுகள்; முடிவில் அருங்காட்சியகம். அதை ஒட்டிய மாக்னா கோட்டையில் ஒரு காலத்தில் காவல் இருந்தவர்கள் சிரியாவின் ஹாமா பகுதியிலிருந்து வந்த வில்லாளிகள்.

முதியவர்களோ சிறு குழந்தைகளோ உடன் இருந்தால் முகடுகளுக்குப் பதிலாகச் செஸ்டர்ஸுக்குச் செல்லுங்கள். வடக்கு டைன் ஆற்றின் கரையில், சமதளத்தில் அமைந்த குதிரைப்படைக் கோட்டை அது. ஆற்றோரக் குளியல் மாளிகையின் சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. கிளேட்டன் சேர்த்த சிற்பங்களும் பலிபீடங்களும் 1896இல் திறந்த சிறு அருங்காட்சியகத்தில் அக்காலத்து முறையிலேயே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஹெக்சமில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், அவ்வூர் மடாலயக் கோவிலுக்குள் சென்று, 25 வயதில் இறந்த கொடிவீரன் ஃபிளாவினஸின் நினைவுக்கல்லையும் பார்த்துவிடலாம்.

வழியில் நடந்துகொள்ள வேண்டிய முறை

மதிலின் மேல் ஏறி நடக்கக் கூடாது. இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். உறுதியாகத் தோன்றும் கற்களுக்கு இடையே இருப்பது தளர்ந்த சாந்தும் மண்ணும்தான். ஒருவர் ஏறினால் பின்னால் வரும் பத்துப் பேரும் ஏறுவார்கள். பாதை என்று இருப்பது பெரும்பாலும் வெறும் புல்தரையே. ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் நடந்தால் அது பள்ளமாகிவிடும் என்பதால், இடம் இருக்குமிடங்களில் பக்கம் பக்கமாகப் பரவி நடக்கச் சொல்கிறார்கள். கற்களை எடுத்து அடுக்குவது, பெயர் கீறுவது, உலோகம் தேடும் கருவிகளைப் பயன்படுத்துவது ஆகியவை குற்றம்.

இந்நிலம் முழுவதும் மேய்ச்சல் நிலம். நீங்கள் திறந்த கதவை மூடிவிட்டும், திறந்தே கட்டிவைத்திருக்கும் கதவை அப்படியே விட்டும் செல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டுக்குட்டிகள் இருக்கும், அருகே போகாதீர்கள். கன்றோடு நிற்கும் பசுக்கள் பாதையை மறித்தால், அவற்றின் நடுவே புகாமல் நன்கு விலகிச் சுற்றிக்கொண்டு போங்கள்.

நேரம் தப்பிப்போனால்

பாதி வழியில் நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்தால், கோட்டை வரை சென்றே தீர வேண்டும் என்று ஓட வேண்டாம். இராணுவச் சாலை மதிலுக்குத் தெற்கே, பெரும்பாலும் ஒன்று இரண்டு கிலோமீட்டர் தூரத்திலேயே ஓடுகிறது. நிலப்படத்தில் காட்டியுள்ள பொதுப் பாதைகளில் இறங்கி அதை அடையலாம். ஆனால் அந்தச் சாலையில் நடைமேடை இல்லை, வாகனங்கள் மிக விரைவாக வரும்; சாலையோரமாக நெடுந்தூரம் நடப்பதைத் தவிர்த்து, மிக அருகிலுள்ள நிறுத்தத்தை நோக்கியே இறங்குங்கள். கடைசிப் பேருந்தும் போய்விட்டால் ஹால்ட்விசிலிலிருந்தோ ஹெக்சமிலிருந்தோ வாடகைக் கார் வரவழைக்க வேண்டியிருக்கும். அவை எண்ணிக்கையில் குறைவு, வருவதற்கு நேரமும் ஆகும். ஆகவே இரண்டு மூன்று வாடகைக் கார் எண்களைக் காலையிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டு நடக்க முடியாமல் போனால் 999க்கு அழைத்து, முதலில் காவல்துறையைக் கேட்டு, பின் மலை மீட்புக் குழுவை அனுப்பச் சொல்ல வேண்டும். அருகிலுள்ள மைல்கோட்டையின் எண்ணைச் சொன்னால் நீங்கள் இருக்கும் இடத்தை அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.